அட்டவணை சொல்லாத சொரசொரப்பு

மதுரையில் வாழ்கிறவனுக்கு வெப்பத்தைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் வைகை மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட யானைமலைப் பாறை, பொழுது சாய்ந்த பின்னும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பங்குனிப் பிற்பகலில், மின்விசிறியும் சுழலாத ஆய்வகத்தில், நான் ஒரு பொய் எழுதினேன். அந்தப் பொய்யைப் பற்றியும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட இயற்பியலைப் பற்றியும், நம் செய்முறை வகுப்புகளில் எது மாற வேண்டும் என்பதைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல விழைகிறேன்.

லீஸ் தட்டுச் சோதனையைச் செய்யாத இயற்பியல் மாணவர் இருக்க முடியாது. பிற துறை நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பித்தளைத் தட்டை மூன்று நூல்களில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன்மேல் சோதிக்க வேண்டிய அட்டையை வைத்து, அட்டையின்மேல் நீராவி அறையை வைக்க வேண்டும். நீராவியின் வெப்பம் அட்டை வழியாகத் தட்டுக்கு இறங்கும். தட்டின் வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறி, ஓரிடத்தில் நின்றுவிடும். பிறகு தட்டைத் தனியே சூடாக்கி, அது எவ்வளவு விரைவில் ஆறுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் கொண்டு அட்டையின் வெப்பக் கடத்துத்திறனைக் கணக்கிட்டுவிடலாம்.

நானும் கணக்கிட்டேன். வந்த விடை, புத்தக அட்டவணையில் உள்ள விடையில் பாதிக்குச் சற்றே மேல். மறுபடியும் பெருக்கிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன். விடை அசையவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தால், பல தலைமுறை மாணவர்களின் நீராவியில் வெந்து வளைந்து, ஓரம் பிசிறடித்து, உள்ளங்கையில் தேய்த்தால் சொரசொரவென்று இருந்தது.

“அண்ணே, இந்த அட்டை வளைஞ்சிருக்கே?” என்று ஆய்வக உதவியாளரிடம் கேட்டேன்.

“அது பல வருசமா வளைஞ்சுதான் இருக்கு தம்பி. ஆனா வேல்யூ மட்டும் எல்லாருக்கும் சரியா வந்துருது!” என்றார் அவர், சிரிக்காமலே.

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. மூத்த மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கடன் வாங்கினேன். தட்டு ஆறும் வீதத்தைக் கூட்டி எழுதினேன். விடை ஒழுங்காக வந்து புத்தகத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

பல மாதங்கள் கழித்து, நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது காரணம் தெரிந்தது. வளைந்த, சொரசொரப்பான அட்டை பித்தளையை முழுவதும் தொடுவதில்லை. சில மேடுகளில் மட்டுமே தொடுகிறது. இடையிலுள்ள பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. அசையாத காற்றோ அட்டையைவிட மோசமான கடத்தி. ஆகவே நான் அளந்தது அட்டையை மட்டுமன்று. அட்டையோடு அதன் சொரசொரப்பையும் சேர்த்தே அளந்தேன். என் சோதனை பொய் சொல்லவில்லை. அது சொன்ன உண்மையை அழித்துவிட்டு நான்தான் பொய் எழுதினேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு பொருளின் புறப்பரப்பு, அதன் வழியே செல்லும் வெப்பத்தைத் தடுக்குமா? இருபரப்புகள் தொடும் இடத்தில் தடுக்கும் என்பதை என் அட்டையே சொல்லிவிட்டது. காற்று இடையில் புகாத ஒரே துண்டுப் படிகத்திலும் அப்படி உண்டா? உண்டு என்பதுதான் விந்தை. அதை விளக்க வேண்டுமானால், வெப்பம் திடப்பொருளுக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

போனான், எங்கே போனான்?

சிலிக்கன் போன்ற படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு முனையைச் சூடாக்கினால் அங்குள்ள அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன. அந்த அதிர்வு அலை அலையாக மறுமுனைக்குப் பரவுகிறது. இந்த அதிர்வலையின் சிறு பொட்டலத்திற்கு அறிவியலார் வைத்த பெயர் போனான். எங்கள் வகுப்பில் இச்சொல்லை முதன்முதல் கேட்டபோது, “யார் சார் போனான்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. ஆனால் பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகிறவன்தான் போனான். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் இந்தச் சுமையைத் தூக்குகின்றன. சிலிக்கனில் பெரும்பாலும் போனான்களே தூக்குகின்றன.

போனான் தடையின்றி ஓடிக்கொண்டே இருக்க முடியாது. வழியில் வேறு போனான்களோடு மோதும். அந்நிய அணுக்களோடு மோதும். ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் அது ஓடும் தூரத்தையே சராசரி மோதலிடைத் தூரம் என்கிறோம். அறை வெப்பநிலையில், பெரிய சிலிக்கன் கட்டிக்குள் இது ஏறத்தாழ 300 நானோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

இப்போது அந்தச் சிலிக்கனை 50 நானோமீட்டர் விட்டமுள்ள கம்பியாகச் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனான் 300 நானோமீட்டர் ஓட நினைக்கிறது. வழியோ 50 நானோமீட்டர் அகலம். வேறு எதனோடும் மோதுவதற்கு முன் அது சுவரில் மோதிவிடும். ஒரு மில்லிமீட்டர் கம்பியோடு ஒப்பிட்டால், கன அளவுக்கு ஏற்ற புறப்பரப்பு இக்கம்பியில் 20,000 மடங்கு அதிகம். சுவரின் குணமே கம்பியின் குணமாகிவிடுகிறது.

மாசி வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளில் பிள்ளைகள் ரப்பர் பந்து எறிந்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சு வழுவழுப்பாக உள்ள சுவரில் பந்தைச் சாய்வாக எறிந்தால், பட்டுத் தெறித்தாலும் முன்னோக்கியே போகும். இரு சுவர்களிலும் மாறி மாறிப் பட்டு, சந்தின் கடைசிவரை போய்விடும். அதே சந்தில் திண்ணையும் படியும் பெயர்ந்த செங்கல்லும் துருத்திக்கொண்டிருந்தால்? பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. எறிந்தவன் முகத்துக்கே திரும்பி வந்தாலும் வரும். சொரசொரப்பான கம்பியில் போனானின் கதி இதுதான். அது போனான் மட்டுமன்று. போனவன் பாதி வழியில் திரும்பியும் வந்தான்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. சுவரின் சிறு பருக்களைப் பெரிய கால்பந்து சட்டை செய்வதில்லை. கோலிக்குண்டுக்கோ ஒவ்வொரு பருவும் ஒரு குன்று. போனானின் அலைநீளத்தையே அதன் பருமன் என்று கொள்ளலாம். அறை வெப்பநிலையில் வெப்பத்தைச் சுமக்கும் போனான்கள் பலவற்றின் அலைநீளம் சில நானோமீட்டரே. ஆகவே இரண்டு மூன்று நானோமீட்டர் உயரமுள்ள மேடுபள்ளமும் அவற்றுக்குச் சொரசொரப்புத்தான். மிகக் குளிர்ந்த நிலையில் அலைநீளம் கூடும். அதே சுவர் அப்போது வழுவழுப்பாகிவிடும். ஆக, ஒரு பரப்பு சொரசொரப்பானதா என்பது அப்பரப்பை மட்டும் பொறுத்ததன்று. அதில் வந்து மோதுகிறவன் யார் என்பதையும் பொறுத்தது.

லைடனில் ஒரு முரண்பட்ட விடை

இவ்வறிவு நேற்று முளைத்ததன்று. 1929இல் பயர்ல்ஸ் என்ற இளைஞர், படிகங்களில் அதிர்வலைகள் வெப்பத்தைக் கடத்தும் முறைக்குக் கணக்கு எழுதினார். 1930களில் ஆலந்து நாட்டின் லைடன் நகரில், த ஹாஸ், பீர்மாஸ் என்னும் இருவர் படிகங்களை மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்து வெப்பக் கடத்துத்திறனை அளந்தார்கள். ஒரே பொருளாலான பருத்த படிகத்திற்கு ஒரு விடையும், மெல்லிய படிகத்திற்கு வேறொரு விடையும் வந்தன. பரப்பையும் நீளத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் விடைகள் ஒத்துவரவில்லை. கடத்துத்திறன் பொருளுக்குரிய எண் என்று படித்தவர்களுக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

அவர்கள் அந்த விடையைத் திருத்தவில்லை. அப்படியே வெளியிட்டார்கள். 1938இல் காசிமிர் அதற்குக் காரணம் கண்டு சொன்னார். குளிர்ந்த படிகத்தில் போனான்கள் ஒன்றோடொன்று மோதுவது அரிதாகிவிடுகிறது. படிகத்தின் சுவர்களில்தான் மோதுகின்றன. சுவர் முழுக்கச் சொரசொரப்பானது, அதில் பட்ட போனான் எத்திசையிலும் தெறிக்கும் என்று கொண்டு அவர் கணக்கிட்டார். இன்றும் நானோ கம்பிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘காசிமிர் எல்லை’ என்ற சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகிறார்கள்.

லைடன் அறிஞர்களிடமும் மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டு ஒன்று இருந்திருந்தால், காசிமிருக்கு விளக்குவதற்கு என்ன எஞ்சியிருக்கும்?

சிலிக்கன் கம்பிகள்

பருத்த சிலிக்கனின் வெப்பக் கடத்துத்திறன், அறை வெப்பநிலையில், ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 150 வாட். அட்டவணையில் நாம் படிக்கும் எண் இதுதான். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், வழுவழுப்பாக வளர்த்தெடுத்த சிலிக்கன் நானோ கம்பிகளை அளந்தார்கள். 115 நானோமீட்டர் கம்பியில் இது சுமார் 40 ஆகக் குறைந்தது. 22 நானோமீட்டர் கம்பியில் 10க்கும் கீழே போயிற்று. பொருள் அதே சிலிக்கன். மெலிந்ததற்கே இவ்வளவு வேறுபாடு.

2008இல் அதே பெர்க்லியில் வேறொரு வகைக் கம்பியை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளி நைட்ரேட்டும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் சிலிக்கன் தகட்டை அரிக்கச் செய்தால், காடுபோலக் கம்பிகள் எஞ்சி நிற்கும். அரிக்கப்பட்டவை ஆகையால் அவற்றின் புறப்பரப்பு வழுவழுப்பாக இராது. 1 முதல் 5 நானோமீட்டர் உயரத்துக்கு மேடுபள்ளம் இருக்கும். ஏறத்தாழ 50 நானோமீட்டர் விட்டமுள்ள அத்தகைய கம்பியின் கடத்துத்திறன் வெறும் 1.6! ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிட்டது. சன்னல் கண்ணாடியின் கடத்துத்திறன் சுமார் 1 என்பதை நினைத்துப் பார்த்தால், வெப்பத்தை நன்கு கடத்தும் ஒரு படிகம் கண்ணாடியின் அண்டைவீட்டுக்காரனாகிவிட்டது விளங்கும். இந்த ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர்களுள் ஒருவர் அருண் மஜும்தார், மும்பை ஐ.ஐ.டி.யில் 1985இல் பட்டம் பெற்றவர். மற்றவர் பெய்டாங் யாங்.

அவர்கள் அளந்த முறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு மேடைகள். ஒன்றைச் சூடாக்குவது, மற்றொன்றின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. நடுவில் பாலமாக ஒரு கம்பி. நம் லீஸ் தட்டின் பேரப்பிள்ளை அன்றோ இது! கவலையும் அதே கவலைதான். கம்பியின் முனை மேடையைச் சரியாகத் தொடாவிட்டால் விடை கெட்டுவிடும். அதற்காக முனைகளில் பிளாட்டினக் கலவையைப் படியவைத்து இணைத்தார்கள். வளைந்த அட்டை நம் ஆய்வகத்தில் மட்டும் இல்லை, நண்பர்களே. அவர்கள் அதைக் கண்டுகொண்டு கணக்கில் சேர்த்தார்கள். நாம் காணாததுபோல் இருந்துவிட்டோம். அவ்வளவே வேறுபாடு.

இதனால் பயன் என்ன என்று கேட்பவர் உண்டு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் மின்னழுத்தம் தோன்றும் என்பது 1821இல் சீபெக் கண்டது. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள், சிலிக்கன்-ஜெர்மேனியம் கலவையில் இந்த முறைப்படியே மின்சாரம் பெற்று வந்திருக்கின்றன. இதற்கு ஏற்ற பொருள் மின்சாரத்தை நன்றாகக் கடத்த வேண்டும். வெப்பத்தையோ கடத்தக் கூடாது. இரண்டும் ஒரே பொருளில் அமைவது அரிது. இங்கேதான் சொரசொரப்பு உதவிக்கு வருகிறது. மாசு கலந்து மின்கடத்தியாக்கிய சிலிக்கனில் எலெக்ட்ரானின் மோதலிடைத் தூரம் சில நானோமீட்டரே. குறுகிய அடி எடுத்து வைக்கும் எலெக்ட்ரான் 50 நானோமீட்டர் சந்தில் சுவரை அதிகம் உரசாமலே போய்விடும். நெடிய அடி வைக்கும் போனான்தான் திண்ணையில் இடித்துக்கொள்ளும். வெப்பம் தடைப்படும், மின்சாரம் அதிகம் தடைப்படாது. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகவே வெளியேறுகிறது. அதில் சிறிதளவையாவது மீட்க முடியுமானால் நம்மைப் போன்ற நாட்டுக்கு அது பெரும் பேறு. அந்தக் கம்பிகள் இன்னும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடவில்லை. ஆனால் வழி தெரிந்திருக்கிறது.

அதே சொரசொரப்பு கணிப்பொறிச் சில்லுக்குள் பகையாகிறது. அங்கே டிரான்சிஸ்டர்கள் சில நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கன் இதழ்களாக நிற்கின்றன. அவற்றில் எழும் வெப்பம் உடனே வெளியேற வேண்டும். பரப்பு வழியை மறித்தால் சில்லு சூடேறும். ஆக, சொரசொரப்பு நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்பது பொருளற்றது. எந்த வேலைக்கு என்று கேட்பதே அறிவுடைமை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1.6 என்ற அந்த எண், காசிமிர் கணக்கு தரும் எல்லைக்கும் மிகக் கீழே இருக்கிறது. சுவர் முழுக்கச் சொரசொரப்பு என்று கொண்டாலே அவ்வளவு தாழ்வு வராது என்றால், மேலும் தாழ்ந்தது எப்படி? மேடுபள்ளங்களுக்கிடையே போனான் பல முறை சிதறிப் பின்னோக்கித் திரும்புகிறது என்றனர் சிலர். அமிலம் அரித்தபோது கம்பியின் உள்ளேயும் குறைகள் உண்டாகியிருக்கலாம் என்றனர் வேறு சிலர். 2012இல் பெர்க்லியில் ஒவ்வொரு கம்பியின் மேடுபள்ளத்தையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்து கடத்துத்திறனோடு ஒப்பிட்டார்கள். மேட்டின் உயரம் மட்டும் போதாது, மேட்டுக்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளியும் முக்கியம் என்று தெரிந்தது. சொரசொரப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு அளவுகள் ஒளிந்திருந்தன! வழக்கு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. தீராத வழக்கு இருக்கும் இடத்தில்தானே மாணவனுக்கு இடம் இருக்கிறது?

நம் மண்ணிலிருந்து ஒருவர்

“இதெல்லாம் பெர்க்லியிலும் லைடனிலும் நடக்கும். நமக்கு ஏது?” என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பெயர் கே.எஸ். கிருஷ்ணன்.

1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர் அவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். கல்கத்தாவில் சர் சி.வி. இராமனோடு சேர்ந்து உழைத்து, 1928இல் இராமன் விளைவு வெளிப்பட்டபோது உடனிருந்தவர். புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இவ்வளவும் பொது அறிவுப் புத்தகத்தில் உள்ளன. அதிலே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1954இல் அவரும் எஸ்.சி. ஜெயினும் சேர்ந்து ஆராய்ந்த பொருள், வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாக்கிய ஒரு மெல்லிய தண்டின் நீளவாக்கில் வெப்பநிலை எப்படி அமைகிறது என்பதே. 

மெல்லிய தண்டு, அதில் மின்சாரம், சுற்றிலும் வெற்றிடம். பார்ப்பதற்கு எவ்வளவு எளிய அமைப்பு! தண்டில் பிறக்கும் வெப்பம் இரண்டு வழிகளில் வெளியேறலாம். ஒன்று, தண்டின் உள்வழியாக முனைகளுக்கு ஓடலாம். மற்றொன்று, புறப்பரப்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகலாம். நீண்ட தண்டின் நடுவில் வெப்பநிலையைத் தீர்மானிப்பது பரப்பு. முனைகளின் அருகில் கடத்துத்திறனுக்கும் பங்கு உண்டு. பரப்பை மெருகேற்றினால் கதிர்வீச்சு குறையும், சொரசொரப்பாக்கினால் கூடும். ஆகவே கடத்துத்திறனை அறிய விரும்புகிறவன் பரப்பைக் கணக்கில் சேர்க்காமல் தப்ப முடியாது.

இது போனான் சுவரில் மோதும் கதையன்று, வேறு இயற்பியல். என் வளைந்த அட்டையும் வேறு; அங்கே குற்றவாளி காற்று. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. ஆனால் மூன்றும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. வெப்பத்தை அளக்கிறவன், பொருளின் உள்ளே மட்டும் பார்த்தால் போதாது. அதன் விளிம்பையும் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரி வாசலைத் தாண்டிச் சென்ற ஒருவர் இதைக் கணக்கில் எழுதிக் காட்டியிருக்கிறார் என்றால், நமக்கு ஏது என்ற கேள்விக்கு இடம் ஏது?

என் கருத்து

எனவே நான் சொல்ல வருவது இதுதான். வெப்பக் கடத்துத்திறனைப் பொருளுக்கு மட்டும் உரிய மாறாத எண் என்று கற்பிப்பதை நாம் நிறுத்த வேண்டும். ‘எந்த அளவில், எந்தப் பரப்பில், எந்த வெப்பநிலையில்’ என்ற மூன்று கேள்விகளையும் அந்த எண்ணோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். அட்டவணையின் எண்ணை இறுதித் தீர்ப்பாக வைத்து மாணவனின் சோதனையை அளக்கும் வழக்கமும் போக வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். 

“மாறிலியும் மாறும் என்று சொன்னால் முதலாண்டு மாணவன் குழம்பிவிடுவான்” என்பது முதலாவது. குழம்பமாட்டான் என்பது என் துணிபு. கூட்டமில்லாத மாசி வீதியில் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரம், சித்திரைத் திருவிழாவன்று எத்தனை நாழிகை ஆகும் என்பது மதுரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். வழியைப் பொறுத்து வேகம் மாறும் என்பது அவனுக்குப் புதிய செய்தியன்று. பருத்த துண்டுக்கு அட்டவணை எண் பொருந்தும், மெலிந்த கம்பிக்குப் பொருந்தாது என்று சொன்னால் அவன் ஏன் என்று கேட்பான். அந்தக் கேள்வியைக் குழப்பம் என்று சொல்லக் கூடாது. படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

“சரியான விடை என்று ஒன்று இல்லாவிட்டால் தேர்வாளர் எதற்கு மதிப்பெண் போடுவார்?” என்பது இரண்டாவது. இது நியாயமான கேள்வி. ஒரே நாளில் பல மாணவர்களைச் சோதிக்க வேண்டிய ஆசிரியரின் சுமையையும் நான் அறிவேன். ஆனாலும் இதற்கு வழி உண்டு. விடைக்கு உள்ள மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் காரணத்திற்கு ஒதுக்கலாம். ‘என் விடை குறைவாக வந்தது, அட்டை வளைந்திருந்ததால் காற்றுப் படலம் இருந்திருக்கலாம், இதைச் சோதிக்க இன்னது செய்தேன்’ என்று எழுதும் மாணவனுக்கு, புத்தக விடையை நகலெடுத்தவனைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூடுதலாகக் கிடைக்கட்டும். அந்த ஒரு மதிப்பெண் போதும். ரெக்கார்டு நோட்டுகள் கைமாறுவது பாதியாகக் குறைந்துவிடும்.

இதற்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவையில்லை. பணமும் பெரிதாகத் தேவையில்லை. நான் சென்ற மாதம் ஆசிரியரின் இசைவு பெற்று ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். புதிய அட்டையில் ஒரே அளவாக இரண்டு வட்டங்கள் வெட்டினேன். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டேன். மற்றொன்றை இருபுறமும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கித் தடிப்பை மீண்டும் அளந்துகொண்டேன். இரண்டையும் லீஸ் தட்டில் வைத்துப் பார்த்ததில், தேய்த்த அட்டை குறைந்த விடையே தந்தது. பிறகு இரண்டின்மேலும் ஒரே எடையை ஏற்றி அழுத்தினேன். விடைகள் ஒன்றையொன்று சற்று நெருங்கி வந்தன. இது பெரிய கண்டுபிடிப்பு அன்று. ஆயினும் மூன்றாண்டில் முதன்முறையாக, விடை என்னவாக வரும் என்று தெரியாமல் ஒரு வெப்பமானியை நான் உற்றுப் பார்த்தேன். அந்தப் பரபரப்பை என் தம்பி தங்கையரும் அறிய வேண்டும் என்பதே என் ஆசை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு செய்முறைப் பட்டியலில் இந்த இரண்டு அட்டைச் சோதனையைச் சேர்த்துவிடுங்கள். வளைந்த அட்டையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நல்ல அட்டையின் பக்கத்திலேயே அதுவும் இருக்கட்டும். இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று மாணவன் சொல்லட்டும்.

சக மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. ‘நன்று’ என்ற சிவப்பு மைக்குக் கீழே, நான் உண்மையில் பெற்ற எண்ணைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ‘அட்டை சொரசொரப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டைக் கடன் கேட்டு ஒரு தம்பி வருவான் என்பதை அறிவேன். கொடுப்பேன். ஆனால் அந்தப் பென்சில் வரியைக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.

— இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்